சலேத் மாதாவுக்கு ஒரு மோட்டார்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று காற்று என்னை நடுக்கடலில் கழுத்தறுத்துவிட்டது. காலைப் பூசை முடிந்ததும் படகை எடுத்தேன். முயல் தீவைத் தாண்டும் வரை பாய் நிறையக் காற்று. தாண்டியதும் யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுபோனது. துடுப்பு இரண்டு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அறுபத்தாறு வயதில் அவ்வளவு தூரம் யார் வலிப்பது? கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீரோட்டம் என்னைத் தெற்கே தள்ளிக்கொண்டே போனது.

பொழுது சாயும்போது எங்கள் தெரு சந்தியாகு மீன்பிடித்துத் திரும்புகிற வழியில் பார்த்து, கயிறு போட்டு இழுத்து வந்தான். வழிநெடுகச் சிரிப்பு வேறு.

"அண்ணாச்சி, எத்தன கப்பல்ல இஞ்சினியரா இருந்தீய! சொந்தப் படகுக்கு ஒரு மோட்டார் மாட்ட மனசு வரலியே!"

அவனுக்கு என்ன தெரியும்? கப்பலின் அடிவயிற்றில், இஞ்சின் அறையில், ஒரு ஆயுள் முழுக்க அந்த இரைச்சலைக் கேட்டவன் நான். ஓய்வு பெற்றதும் பாய்மரப் படகு வாங்கியதே இனி ஒரு இஞ்சின் முகத்திலும் விழிக்கக் கூடாது என்றுதான். கடலில் என்ன ஒரு நிசப்தம்! அதற்காகவே போகிறேன்.

கரையில் என் மனைவி சலேத் நின்றிருந்தாள். கத்தவில்லை. அவள் கத்தாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். வீட்டுக்கு வந்து, தலை துவட்டத் துண்டைக் கொடுத்துவிட்டு, என் முகத்துக்கு நேராக நின்று சொன்னாள்: "ஒண்ணு மோட்டார் மாட்டுங்க. இல்லன்னா படக வித்துருங்க. இனிமே கரையில நின்னு கடலப் பாத்துக்கிட்டு இருக்க எனக்குத் தெம்பில்ல."

நான் கப்பலில் இருந்த காலமெல்லாம் அவள் அதைத்தான் செய்தாள்.

பிப்ரவரி 10, திங்கள்

குக்கர் விசில் மறுபடியும் கெட்டுவிட்டது. புது வெயிட் வாங்கி மாட்டினேன், அதுவும் ஊதவில்லை. ஆவி மட்டும் வருகிறது. இப்போதெல்லாம் எந்தக் கம்பெனிக்காரன் ஒழுங்காகச் செய்கிறான்? போன மாதம் வாசல் காலிங் பெல், அதற்கு முன்னால் என் போன். இந்த வீட்டில் சத்தம் போடுகிற சாமான் எல்லாம் ஒவ்வொன்றாகப் பழுதாகிறது. நல்லவேளை, வீட்டில் ஒரு இஞ்சினியர் இருக்கிறான்.

சலேத் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என் தோளைத் தட்டி, "சரியாயிட்டு, விடுங்க" என்றாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

மோட்டார் பார்க்கப் போனோம். "நானும் வாரேன்" என்று அவளே கிளம்பிவிட்டாள். முப்பத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னோடு இஞ்சின் கடைக்கு வருவது இதுதான் முதல் தடவை.

கடைக்காரர் ஜெபமணிக்கு மெல்லிய குரல். மனிதர் பேசுகிறாரா, மூச்சு விடுகிறாரா என்றே தெரியவில்லை. நல்லவேளையாக அவர் சொன்னதையெல்லாம் சலேத் என் இடது பக்கம் நின்று கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னாள். வரவர அவள் எனக்கு இடது பக்கம்தான் நிற்கிறாள். மெய்க்காப்பாளர் மாதிரி.

முதலில் பத்துக் குதிரைச்சக்தி மோட்டார் ஒன்றைக் காட்டினார். என் படகின் நீளம் பதினான்கு அடி. இதை மாட்டினால் பின்பக்கம் தண்ணீருக்குள் குந்தி உட்கார்ந்துவிடும், மூக்கு வானத்தைப் பார்க்கும். வேண்டாம் என்றேன். துறைமுகத்துக்குள் நுழைய, காற்று விழுந்தால் வீடு திரும்ப, அவ்வளவுதான் தேவை. நாலோ ஐந்தோ போதும். எடை குறைவாக இருக்க வேண்டும். கழற்றி வீட்டுக்குத் தூக்கி வர வேண்டியவன் நான்தானே.

"கயித்த நான் இழுத்தா ஸ்டார்ட் ஆகுமா?" என்று சலேத் கேட்டாள்.

"நீ எதுக்கு இழுக்கப் போற?" என்றேன்.

"மோட்டார் வாங்குனா நானும் வருவேன்."

கடை என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன். படகு வாங்கிய நாளிலிருந்து கூப்பிடுகிறேன். அவள் பேரையே படகுக்கு வைத்தேன், 'சலேத் மாதா' என்று. "இது மாதாவுக்கா எனக்கா?" என்று கேட்டாளே தவிர, ஒருநாளும் காலை வைக்கவில்லை. இன்று அவளாகவே வருகிறேன் என்கிறாள். என்ன மாயமோ! எனக்கு அந்தக் கடையிலேயே நடனம் ஆட வேண்டும் போல இருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

படகின் பின்பலகையை அளந்தோம். மோட்டார் வாங்குகிறவர்கள் தப்பு விடும் இடம் இதுதான். மோட்டாரின் தண்டு குட்டையாக இருந்தால் அலை தூக்கும்போது விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து வெறும் காற்றை அறையும். நீளமாக இருந்தால் ஆழம் இல்லாத இடத்தில் தரை தட்டும். என் பலகை உயரமானது. நீளத் தண்டுதான். மூன்று தடவை அளந்தேன். டேப்பின் மறுமுனையை சலேத் பிடித்தாள்.

மகள் ஜெனிட்டா கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே இரைச்சல். "அம்மாட்ட குடுக்கேன்" என்று கொடுத்துவிட்டேன். இந்த டவரை என்றைக்குச் சரி செய்யப் போகிறார்களோ.

மதியம் நெத்திலி. சலேத் முற்றத்தில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தாள். முன்பெல்லாம் மீன் ஆயும்போது பாடுவாள். கோவில் பாடகர் குழுவில் இருந்தவள். சில வருடங்களாகப் பாட்டு இல்லை. வயதானால் எல்லாருக்கும் இப்படித்தான் போலிருக்கிறது. கேட்டு அவள் மனதை ஏன் நோகடிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 22, சனி

மோட்டார் வாங்கியாயிற்று!

ஜெபமணி கடைக்குப் பின்னால் தண்ணீர் நிரப்பிய இரும்பு டிரம்மில் இரண்டு மோட்டார்களை மாட்டி ஓட்டிக் காட்டினார். ஒன்று புதிய நாலு ஸ்ட்ரோக். இன்னொன்று பழைய இரண்டு ஸ்ட்ரோக், ஐந்து குதிரைச்சக்தி, யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போனது. எடை கம்மி. தண்டு நீளம் சரி.

மற்றவர்கள் கம்பெனி பார்ப்பார்கள், வருடம் பார்ப்பார்கள். நான் பார்ப்பதில்லை, கேட்பேன். கண்ணை மூடிக்கொண்டு இஞ்சின் பக்கத்தில் நின்றால் எந்த சிலிண்டர் சோம்பேறி, எந்த பேரிங் சாகக் கிடக்கிறது என்று சொல்லிவிடுவேன். கப்பலில் எனக்கு 'காது கஸ்பார்' என்றே பெயர். கேப்டன்கள் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள்.

இன்றும் கண்ணை மூடினேன். பழைய மோட்டார் என்ன அழகாக ஓடியது! பூனை மடியில் படுத்துக்கொண்டு உறுமுமே, அப்படி ஒரு சன்னமான உறுமல். கரகரப்பு இல்லை, கூச்சல் இல்லை. "இதுதான்" என்று கையைக் காட்டினேன்.

கண்ணைத் திறந்தபோது ஜெபமணி எட்டிப் போய் நின்றிருந்தார். சலேத் வெயிலுக்காக முந்தானையைத் தலையோடு சேர்த்துக் காதை மூடிப் போட்டிருந்தாள்.

"புதுசு நல்லாருக்குதுங்க. அதையே எடுப்பமே" என்றாள் சலேத்.

"உனக்கு இஞ்சின் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. "ஒங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 24, திங்கள்

மோட்டாரை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். கரையில் அப்படி ஒரு வரவேற்பு! வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். படகுகளில் இருந்த கொக்குகள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன. சந்தியாகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். நானும் ஆட்டினேன். இஞ்சினியர் அண்ணாச்சி தேர்ந்தெடுத்த மோட்டார் என்றால் சும்மாவா?

மார்ச் 2, ஞாயிறு

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று சலேத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊதாப்பூப் போட்ட சேலை, என் பழைய தொப்பி, கையில் ஜெபமாலை. படகில் ஏறும்போது என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், கல்யாணத்தன்று பிடித்த மாதிரி. காற்று இல்லை, அதனால் மோட்டாரிலேயே வெளியே போனோம். நான் முன்னால் பார்த்தபடி சுக்கானைப் பிடித்திருந்தேன். அவள் எனக்குப் பின்னால்.

கொஞ்ச தூரம் போனதும் முதுகில் தட்டினாள். திரும்பிச் சிரித்தேன். மறுபடியும் தட்டினாள், இன்னும் பலமாக. சந்தோஷத்தில் தட்டுகிறாள் என்று நினைத்தேன். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கொஞ்சலை நான் கண்டதில்லை. அவள் கையைப் பிடித்து முத்தம் வேறு கொடுத்தேன்! முட்டாள்.

மோட்டார் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. திரும்பினேன். நீலப் புகை. சலேத் மோட்டாரைக் காட்டிக் காட்டி அழுதுகொண்டிருந்தாள்.

அடியில் ஒரு பிளாஸ்டிக் பை சுற்றித் தண்ணீர் இழுக்கும் துவாரத்தை அடைத்திருக்கிறது. குளிர்விக்கும் தண்ணீர் போகவில்லை. நன்றாக ஓடினால் பக்கவாட்டில் தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும், ஒரு தடவை கண்ணால் பார்த்திருந்தால் போதும். நான்தான் கண்ணால் பார்ப்பவன் இல்லையே! சூடேறி, பிஸ்டன் உள்ளேயே இறுகிக் கடித்து, மோட்டார் செத்துப்போனது.

இழுத்துப்போக வந்தது மறுபடியும் சந்தியாகுதான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, அது கிரீச் கிரீச்சுன்னு கத்துனது எனக்கே அங்கன வரைக்கும் கேட்டுச்சே. நீங்க நிப்பாட்டாமப் போறீயளேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவனுக்குக் கட்டைக் குரல். ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மார்ச் 3, திங்கள்

படகை விற்றுவிட வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் சலேத்திடம் சொன்னேன். ஒரு இஞ்சின் பக்கத்திலேயே கதறிச் செத்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அவளையும் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். எனக்கு இனிக் கடல் எதற்கு? சந்தியாகுவிடம் சொல்லி ஆள் பார்க்கச் சொல்கிறேன் என்றேன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகத்துக்கு முகம். இவள் ஏன் எப்போதும் இப்படி உட்கார்ந்து பேசுகிறாள் என்பது எனக்கு இன்றுதான் உறைத்தது.

"ரொம்ப நாளா தெரியும் எனக்கு. ஜெனிட்டாவுக்கும் தெரியும். கட்டையாப் பேசினா கேக்குது, கீச்சுன்னு வாரதெல்லாம் கேக்கல. அதுலயும் எடது காதுதான் கொஞ்சம் தேவல."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? காது காதுன்னு அதுல ஒண்ணுலதான ஒங்களுக்குப் பெரும. அத என் வாயால ஒடைக்கச் சொல்லுதீயளா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதான் நான் கூட வந்தா ஒங்களுக்குப் பதிலா கேட்டுக்கிடலாம்னு பாத்தேன். கேட்டேன். ஆனா கேட்டத ஒங்க காதுல போடத் தெரியலியே எனக்கு."

தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிறவள், என் காதாக இருக்க வேண்டும் என்று படகில் ஏறியிருக்கிறாள். நானோ, கடல் பார்க்க வருகிறாள் என்று குதித்திருக்கிறேன்.

"அதான் விக்கணுங்கேன்" என்றேன்.

"விக்க வேண்டாம். படகையும் வித்துட்டு இந்தச் சோபாவுல உக்காந்து குக்கருக்கு வெயிட்டு மாத்திக்கிட்டே இருப்பீயளா? என்னால ஆகாதுப்பா. அன்னைக்கு மோட்டாரா படகான்னு கேட்டேன்லா? இப்பம் வேற சொல்லுதேன். படகு வேணும்னா காதுக்கு மெஷின் மாட்டுங்க."

மார்ச் 8, சனி

காது டாக்டரிடம் போனோம். சின்ன அறை, தலையில் ஒரு ஹெட்போன். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். பாதி நேரம் பொத்தானும் கையுமாகச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சலேத் பொத்தான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பிய அம்மா மாதிரி.

டாக்டர் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "அப்புறம் என்ன?" என்றார். அவ்வளவுதான் வைத்தியம்.

மார்ச் 15, சனி

மெஷின் வந்தது. இரண்டு காதுக்கும். பயறு அளவுதான் இருக்கிறது, ஆனால் என்ன அக்கிரமம் பண்ணுகிறது! செருப்பு சத்தம் போடுகிறது. நியூஸ்பேப்பர் சத்தம் போடுகிறது. நான் காபி குடிப்பது இவ்வளவு அசிங்கமாகக் கேட்கும் என்று இந்த மனுஷி ஒருநாளும் சொன்னதில்லை.

மதியம் குக்கர் விசில் அடித்தது. நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன். சலேத் சமையலறை வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புச் சத்தமும் கேட்டது. மூன்று குக்கர் வெயிட் சும்மா கிடக்கிறது.

ஜெனிட்டாவிடம் நானே பேசினேன். டவரில் கோளாறு ஒன்றும் இல்லை. பிள்ளை "அப்பா, அப்பா" என்றுதான் பாதி நேரம் சொன்னாள். போனை வைத்த பிறகு மெஷினைக் கழற்றி வைத்துவிட்டேன். தலை வலிக்கிறது. இந்த எரிச்சலெல்லாம் பழகுமா என்று தெரியவில்லை.

மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். பூசைக்குப் பிறகு ஜெபமணி கடைக்குப் போனோம். தலை குனிந்துதான் போனேன். அந்த மனிதருக்கு மெல்லிய குரல் எல்லாம் இல்லை, எல்லாரையும் போலத்தான் பேசுகிறார்.

"அன்னைக்கே சொல்லணும்னு பாத்தேன் சார். அம்மா வேண்டாம்னு கைய காட்டிட்டாங்க" என்றார்.

டிரம்மில் மறுபடியும் இரண்டு மோட்டார்கள். நான் எடுத்த அந்தப் பழைய மாடலிலேயே இன்னொன்று பழுது பார்க்க வந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அதையும் ஓட்டச் சொன்னேன். மாதாவே! தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி ஒரு அலறல். இதையா பூனை என்றேன்? இதை ஓட்டிக்கொண்டா கரை முழுக்க ஊர்வலம் போனேன்? கொக்குகள் ஏன் பறந்தன, சந்தியாகு ஏன் கையை ஆட்டினான் என்பதெல்லாம் அந்த டிரம் பக்கத்தில் நின்றபோது புரிந்தது. வெட்கத்தில் காது சூடாகி, மெஷின் உருகிவிடுமோ என்று இருந்தது.

பிறகு நாலு ஸ்ட்ரோக். நாலு குதிரைச்சக்தி, நீளத் தண்டு. எடை கொஞ்சம் கூட, பரவாயில்லை. இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை. சலேத்தைப் பார்த்தேன்.

"நீ சொல்லு" என்றேன்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகி, இஞ்சினை நிறுத்தச் சொல்லி, கயிற்றைப் பிடித்து ஒரு இழுப்பு. வரவில்லை. இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

"இது போதும்" என்றாள். அதையே வாங்கினோம்.

மார்ச் 30, ஞாயிறு

இன்றுதான் மறுபடியும் கடலுக்குப் போனோம்.

சலேத்துக்கு வேலை கொடுத்திருக்கிறேன். மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பீச்சுகிறதா என்று பார்ப்பது. தண்ணீர் நின்றால் என் வலது தோளைக் கிள்ள வேண்டும். தட்டக் கூடாது, தட்டினால் நான் முத்தம் கொடுத்துவிடுவேன் என்று சொன்னேன். "வயசுக்கேத்த பேச்சு" என்றாள். ஆனாலும் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை சும்மா கிள்ளிப் பார்த்துக்கொண்டாள்.

மோட்டார் ஓடும்போது மெஷினைக் கழற்றிப் பையில் வைத்திருந்தேன். தீவுக்குப் பக்கத்தில் லேசாகக் காற்று வந்தது. மோட்டாரை அணைத்துத் தூக்கி வைத்துவிட்டுப் பாயை ஏற்றினேன். அப்புறம் மெஷினை மாட்டினேன். இத்தனை வருடமாக நான் ரசித்த அந்த நிசப்தத்தை மெஷின் வழியாகவும் கேட்டுப் பார்க்கலாமே என்று ஒரு ஆசை.

நிசப்தமாவது ஒன்றாவது! பலகைக்கு அடியில் தண்ணீர் ஓயாமல் பேசுகிறது. பாயின் ஓரம் படபடக்கிறது. பாய்மரத்தில் கயிறு உரசுகிறது. இத்தனையும் இங்கேதான் இருந்திருக்கிறது. இவற்றுக்கு நடுவே மெலிதாக இன்னொரு சத்தமும் வந்தது, நீளமாக, ஏறி இறங்கி. மரத்து உச்சியில் இருக்கும் கப்பி எண்ணெய் இல்லாமல் முனகுகிறது என்று நினைத்து எண்ணெய்க் குப்பியைத் தேடினேன். பெட்டியைத் திறந்தேன், மூடினேன். கப்பியைப் பார்த்தேன், அது அசையவே இல்லை.

திரும்பினேன். சலேத் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, கடலைப் பார்த்தபடி பாடிக்கொண்டிருந்தாள்.

பழைய கோவில் பாட்டு. மூன்றாவது அடியில் எப்போதும் சுருதி நழுவும், இப்போதும் நழுவியது. நான் எண்ணெய்க் குப்பியும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாட்டு முடியும் வரை மூச்சுக்கூட விடவில்லை.

"எப்பம் மறுபடியும் பாட ஆரம்பிச்ச?" என்று கேட்டேன்.

அவள் ஒன்றும் புரியாமல் திரும்பிப் பார்த்தாள். "நான் எங்க நிறுத்துனேன்?"

மீன் ஆயும்போது பாடியிருக்கிறாள். துணி மடிக்கும்போது பாடியிருக்கிறாள். வயதாகிவிட்டது, பாட்டு போய்விட்டது என்று நான் அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறேன். சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து தட்டுத் தடுமாறி வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தாள். இப்போது எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது துறைமுக வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் காற்று விழுந்துவிட்டது. நான் துடுப்புகளை எடுத்து வலிக்க ஆரம்பித்தேன்.

"என்ன செய்யுதீய? அப்பம் மோட்டார எதுக்கு வாங்குனோம்?" என்றாள்.

"நீ பாடு" என்றேன்.